வெள்ளைச் சாம்பல்

அண்ணே, உங்களைக் கொன்றது உமிச்சாம்பல். கொன்றவர்களில் நானும் ஒருவன். மருத்துவமனைச் சீட்டில் காசநோய் என்று எழுதியிருக்கிறது. அது பொய்.

இன்று காலை ஆய்வுக்கூட அலமாரியைத் திறந்தேன். உங்கள் சல்லடை இருந்தது. கம்பி குத்தாமலிருக்க விளிம்பில் நீங்கள் சுற்றிய கைலித் துணி இன்னும் அவிழவில்லை. தட்டினேன், வெள்ளையாகத் தூசி பறந்தது.

மழையில் டிராம் சக்கரம் தண்டவாளத்தில் வழுக்கினால், பிடிப்புக்காக மணல் தூவுவார்கள். அந்த மணலுக்குப் பதிலாக உமிச்சாம்பலையும் களிமண்ணையும் சேர்த்துச் சுட்ட குருணை. இதுதான் எங்கள் கல்லூரியின் ஆராய்ச்சி. குரும்பகரம் அரிசி ஆலையிலிருந்து உமி வந்தது. எரிப்பது, இடிப்பது, சலிப்பது எல்லாம் தினக்கூலியான உங்கள் வேலை. அளப்பது ஆய்வு மாணவனான என் வேலை. முதல் நாளே சிரித்தீர்கள்: "காரைக்கால்ல டிராமே கிடையாது. எவன் ஊர்லயோ வழுக்குதுன்னு நாம சாம்பல் சலிக்கிறோமா தம்பி?"

முதல் சாம்பல் கறுப்பாக வந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. பல்லுக்கும் பாத்திரத்துக்கும் வெள்ளைச் சாம்பலே சுத்தம் என்று வளர்ந்தவன் நான். "இன்னும் எரிங்கண்ணே, வெளுக்கட்டும்" என்றேன். வெளுத்ததும் ஒரு சிட்டிகை எடுத்துப் பல்லில் தேய்த்து, "பாரு, பளபளன்னு இருக்கா?" என்று இளித்துக் காட்டினீர்கள். அதிகச் சூட்டில் வெளுக்கும்போதுதான் அந்தச் சாம்பல் நுரையீரலைத் தின்னும் படிகமாகிறது என்று பிறகு படித்தேன். படித்த அன்றே ஓடிவந்து சொல்லவில்லை. ஆய்வேடு முடியட்டும் என்றிருந்தேன். இதைவிட அருவருப்பான வாக்கியம் என்னிடம் இல்லை.

தூசிக்கு முகமூடியா? அறிக்கைக்குப் படம் எடுக்க வந்த அன்று கொடுத்தார்கள். எடுத்து முடித்ததும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். "மாலையப் போட்டு உடனே கழட்டுன மாதிரில்ல இருக்கு" என்றீர்கள், இருமிக்கொண்டே.

இன்னொரு நாள் கேட்டீர்கள்: "சக்கரத்துக்கு அடியில பொடிஞ்சா, அங்க வண்டி ஓட்டுறவங்க மூக்குல போவாதா?" அதையே ஆராய்ச்சியை நடத்தும் பேராசிரியரிடம் கேட்டேன். "அது நம்ம தலைப்புல வராதுப்பா" என்றார்.

இன்று மதியம் இறுதி அறிக்கை கையெழுத்துக்கு வந்தது. முதல் பக்கத்தில் 'பாதுகாப்பானது, பசுமையானது'. மூன்றாம் பக்கத்தில் முகமூடியோடு நீங்கள். கீழே பெயர்கூட இல்லை, 'பணியாளர்' என்று மட்டும். நான் கையெழுத்துப் போடவில்லை. கைலித் துணியை அவிழ்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அறிக்கையோடு சல்லடையையும் பேராசிரியர் மேசைமேல் வைத்தேன்.

"தூசிய அளந்துட்டு அனுப்புங்க சார். இவரு பேரப் போடுங்க. எதனால செத்தாருன்னு எழுதுங்க."

அவர் அறிக்கைமேல் விழுந்த வெள்ளையை வாயால் ஊதிவிட்டார்.

"எழுதுங்க சார்."