சத்தம் கேட்கப் போன சாயங்காலங்கள்

அப்பா,

இன்று காலை வாசல் கூட்டும்போது உங்கள் காரின் முன்சக்கரத்துக்கு அடியில் எண்ணெய் சொட்டியிருந்தது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, குனிந்து கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். இடது பக்கத்து ஷாக் அப்சர்பர் மேலிருந்து கீழ்வரை நனைந்திருந்தது. தூசி ஒட்டிக் கறுத்த எண்ணெய். விரலை மூக்கருகே கொண்டுபோனேன். நீங்கள் போர்வெல் போடும் ரிக் வண்டியிலிருந்து வீட்டுக்கு வரும்போது உங்கள் துணிப்பையைத் திறந்தால் வருமே, அதே வாடை.

அந்த நாட்களில் அந்த வாடையைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். உங்களைத் தெரியாது. போர் போடும் ரிக்கோடு வடக்கே போனால் பத்து மாதம் கழித்து வருவீர்கள். நான் அடுக்களைக்குள் போய் நின்றுகொள்வேன். நீங்கள் அம்மாவிடம், "பாப்பா பேசுமா, பேசாதா?" என்று கேட்பீர்கள். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் வராமல் போனது. பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒரு நாள் போகமாட்டேன் என்று படுத்துக்கொண்டேன், அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அம்மா உங்களிடம் போனில் அழுதாள். "சரி, ஊட்லயே இருக்கட்டும். நான் வந்து பேசிக்கறேன்" என்றீர்கள். நான்கு மாதம் கழித்து வந்தீர்கள். மூன்று நாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒன்றும் பேசவில்லை. உங்களுக்கும் பேச வராது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பிறகு உங்கள் முதுகு போயிற்று. இனி ரிக்கில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கோழித்தீவன மில்லில் ஸ்டோர் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தீர்கள். சேந்தமங்கலத்திலிருந்து தினமும் பைக்கில் போக முதுகு விடவில்லை. அதனால்தான் அந்தப் பழைய சின்னக் காரை வாங்கினீர்கள். வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. சூரமங்கலத்தில் ஒரு கடையிலிருந்து நாலு சிவப்பு ஸ்பிரிங்குகளோடு வந்து இறங்கினீர்கள். வண்டியைத் தரைக்குக் கிட்டத்தில் இறக்குகிற குட்டை ஸ்பிரிங்.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஏனுங்க, முதுகுக்குன்னு காரு வாங்கிப்போட்டு இப்பக் காரோட முதுகையும் ஒடைக்கறீங்களா?"

"இருவது வருசம் ஒசக்கவே ஒக்காந்து ஓட்டிட்டேன் புள்ள. ரோட்டுல போற மனுசன் மண்டைதான் தெரியும், மூஞ்சி தெரியாது. இனியாவது தரையோட போறேன்."

"தரையோட போறதுக்கு நடந்தே போலாமல்லோ."

நீங்கள் சிரித்தீர்கள். ஸ்பிரிங்கைக் குறைத்தால் ஷாக்கையும் அதற்கேற்ற மாதிரி மாற்றிவிடச் சொன்னாராம் கடைக்காரர். பழைய ஷாக் இந்த உயரத்துக்குச் செய்ததில்லையாம். நீங்கள் கேட்கவில்லை. "கம்பெனி ஷாக்கு கல்லாட்ட இருக்குது. அதப் போயி எதுக்குத் தூக்கிப் போடோணும்?"

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் நீங்கள் முதல் தடவையாக என்னை ஒரு வேலைக்குக் கூப்பிட்டீர்கள். "பாப்பா, வந்து டார்ச்சப் புடி." தகரக் கொட்டகைக்குள் காரை ஜாக்கியில் தூக்கி, முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தீர்கள். சக்கரங்களைக் கழற்றியதும் கார் காலில்லாத பிராணி மாதிரி இருந்தது. பழைய ஸ்பிரிங்கை இரும்புக் கொக்கிகளால் நெருக்கிப் பிடித்து எடுக்கும்போது மட்டும், "தள்ளி நில்லு சாமி, தெறிச்சா ஆளத் தூக்கிரும்" என்றீர்கள். மற்ற நேரமெல்லாம் நான் உங்கள் தோளுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். பழைய ஸ்பிரிங்கையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, அண்ணன் தம்பி என்று காட்டினீர்கள்.

டார்ச் பிடிக்காத நேரத்தில் நான் ஸ்பிரிங் வந்த அட்டைப்பெட்டிக்குள் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் இங்கிலீஷ். ஆனால் படம் போட்டிருந்தது. ஒரு படத்தில் சக்கரம் அந்தரத்தில் தொங்குகிறது, போல்ட்டில் ஸ்பேனர் இருக்கிறது, அதன் மேல் பெரிதாகப் பெருக்கல் குறி. அடுத்த படத்தில் கார் தரையில் நிற்கிறது, அதே போல்ட், அதே ஸ்பேனர், பக்கத்தில் சரி என்று ஒரு குறி. வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் அதை முடுக்க வேண்டும் என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

நான் தலை நிமிர்ந்தபோது நீங்கள் ஸ்பேனரில் ஒரு பைப்பைச் செருகி, சக்கரத்தைத் தாங்கித் தொங்கிக்கொண்டிருந்த இரும்புக் கையின், அந்த ஆர்மின், அதே போல்ட்டை முழு பலத்தோடு முடுக்கிக்கொண்டிருந்தீர்கள்.

"ரிக்ல முடுக்காம எதையும் கீழ எறக்கப்படாது சாமி. ஒரு ராடு லூசா எறங்குச்சுன்னா உள்ள போயிரும். அப்பறம் அந்தப் போரே போச்சு."

இருபது வருடம் உங்கள் கை கற்றுக்கொண்டது அது. நான் வாயைத் திறந்தேன். "அப்பா" என்பது மட்டும் வந்தது.

"என்ன சாமி?"

"ஒண்ணுமில்லீங்க."

தாளை மடித்துப் பெட்டிக்குள்ளேயே போட்டுவிட்டேன். கூச்சம்தான். அந்த ஒரு நாளுக்கு அது மட்டும்தான் காரணம் என்று சத்தியம் செய்வேன்.

வண்டியை இறக்கிவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி நடந்தீர்கள். அம்மா எட்டிப் பார்த்து, "தேஞ்ச செருப்பாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அது உங்கள் காதில் விழவே இல்லை.

இரண்டாம் நாளிலிருந்து சத்தம். வேகத்தடையில் விழும்போது 'டொம்' என்று ஒன்று. அது ஷாக் அதன் அடிவரை போய் முட்டுகிற சத்தம். பள்ளத்தில் ஏறி இறங்கும்போதும் வண்டியைத் திருப்பும்போதும் துருப்பிடித்த கேட்டைத் திறப்பது போல இன்னொன்று. அது அந்த போல்ட் நுழைகிற ரப்பர் புஷ், தொங்கலில் முடுக்கியதால் முறுக்கிக்கொண்ட சத்தம். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துத் தேடினீர்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் வாசலில் ஹாரன் அடித்தீர்கள். "பாப்பா, வா. எங்கிருந்து வருதுன்னு கேட்டுச் சொல்லு. பேசாதவங்களுக்குக் காது நல்லாக் கேக்கும்."

வேகத்தடைகள் நிறைய இருக்கிற சாலையாகப் பார்த்து, கொல்லிமலை அடிவாரம் வரை போனோம். மறுநாளும் போனோம். அதற்கடுத்த நாளும். கண்ணாடிக்கு வெளியே மரவள்ளிக் காடு எனக்குத் தலைக்கு மேலே உயர்ந்து ஓடும். எதிரே வரும் முட்டை லாரிகள் மலை மாதிரி வரும். நீங்கள் ரோட்டைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தீர்கள். என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் உங்களுக்குப் பேச்சு வந்தது. உங்களைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் எனக்கும் வந்தது.

ராய்ப்பூர் பக்கம் அறுநூறு அடி போட்டும் தண்ணீர் வராமல் கல்தூசி புகையாகவே வந்த ஒரு போரைச் சொன்னீர்கள். தண்ணீர் இல்லை என்று தெரிந்த பிறகும் அந்த நிலத்துக்காரர் உங்கள் எல்லோருக்கும் மோர் கொண்டுவந்து கொடுத்தாராம். "ரெண்டு வார்த்த ஆறுதலாச் சொல்லோணும்னு இருந்துச்சு. இந்தி வரல. கும்புட்டுட்டு வந்துட்டேன். இருவது வருசமும் கையக் காட்டியே ஓட்டிட்டேன் சாமி." நான் வகுப்பில் எழுந்து நிற்கும்போது தொண்டைக்குள் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொன்னேன். அதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. "அதேதான், அதேதான்" என்று ஸ்டியரிங்கைத் தட்டினீர்கள்.

நடுவில் கேட் திறக்கிற சத்தம் வரும். "அதா, கேட்டியா?"

முன்சக்கரத்துப் பக்கமிருந்துதான் என்று தெரிந்தும், அப்போதுதான் நான் அதைச் செய்தேன். "பின்னால இருந்து வருதாட்ட இருக்குதுங்கப்பா" என்றேன்.

மறுநாள் பின்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தீர்கள். அங்கே ஒன்றுமில்லை. சாயங்காலம் மறுபடியும் ஹாரன் அடித்தது. இன்னொரு நாள் டிக்கியில் இருந்து வருகிற மாதிரி இருக்கிறது என்றேன். ஸ்டெப்னியை எடுத்து வீட்டுக்குள் வைத்துவிட்டுப் போனோம். சத்தம் எங்கே என்று தெரிந்துவிட்டால் என்னை எதற்குக் கூப்பிடுவீர்கள் என்று எனக்குப் பயமாக இருந்தது.

அந்த வண்டியில்தான் நீங்கள் தினமும் மில்லுக்குப் போய் வந்தீர்கள். முறுக்கிய ரப்பர் இறுகி நின்றதால் வண்டி கட்டைவண்டி போலக் குதித்தது. வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் தரையில் மல்லாக்கப் படுப்பீர்கள். அம்மா உப்பை வறுத்து, துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பாள். "அந்தச் செவப்பு எழவக் கழட்டித் தொலைங்க" என்பாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒத்தடம் முடிந்தால் எழுந்து ஹாரன் அடிப்பீர்கள் என்று காத்துக்கொண்டும் இருந்தேன்.

மூன்றாவது வாரக் கடைசியில் திருச்செங்கோட்டிலிருந்து உங்கள் பழைய ரிக் முதலாளி போன் செய்தார். வண்டி மத்தியப் பிரதேசம் கிளம்புகிறது, டிரைவர் இல்லை. போனை வைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னீர்கள்: "எதுல போனாலும் முதுகு போகத்தான் போகுது. தெனமும் இந்தக் குலுக்கல்ல போறதுக்கு ரிக்கே தேவல. வியாழக்கெழம கெளம்பறேன்." அம்மா கையிலிருந்த உப்புமூட்டையைக் கீழே வைத்தாள். டாக்டர் சொன்னது அவளுக்கும் எனக்கும் தெரியும்.

நான் கொட்டகைக்கு ஓடிப் பெட்டியிலிருந்த தாளை எடுத்துவந்து உங்கள் முன்னால் விரித்தேன். இந்த முறை குரல் வந்தது.

"அப்பா, முன்னால கீழ் ஆர்ம் போல்ட்டுங்க. வண்டிய எறக்கி நிறுத்திப்போட்டுத்தான் முடுக்கோணுமாமுங்க. இதா படம் போட்டிருக்குது."

நீங்கள் தாளைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். "அடங்கொக்கமக்கா!" என்று சொல்லிவிட்டு, முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "ரிக்காரன் புத்திய எங்க கொண்டுவந்து காட்டியிருக்கறேன் பாரு."

மறுநாள் சக்கரங்களை அகலமான பலகைகள் மேல் ஏற்றி நிறுத்தி, அடியில் படுத்து அந்த போல்ட்டுகளைத் தளர்த்தினீர்கள். முறுக்கிக்கொண்டிருந்த ரப்பர் 'டப்' என்று திரும்பியது. ஒரு புஷ் கிழிந்திருந்தது, அதை மாற்றி, வண்டி சக்கரத்தில் நிற்கும்போதே மறுபடி முடுக்கினீர்கள். கேட் திறக்கிற சத்தம் போயேவிட்டது. டொம் மட்டும் மிச்சம் இருந்தது. வேகத்தடையைக் கோணலாக, மெதுவாக ஏறிப் பழகிக்கொண்டீர்கள். முதலாளிக்கு நீங்களே போன் செய்தீர்கள். "இல்லீங்க, வரலீங்க. வண்டி சரியாயிருச்சு. என்ற மவ கண்டுபுடிச்சுட்டா." அதை மில்லில் சொன்னீர்கள், பேக்கரியில் சொன்னீர்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் இலைக்கு இலை சொன்னீர்கள். என்னைப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு சொன்னீர்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கூச்சம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

வண்டி சரியான மறுநாள் சாயங்காலம் நான் அடுக்களைக்குள் இருந்தேன். இனிக் கூப்பிடமாட்டீர்கள் என்று தெரியும். ஹாரன் அடித்தது.

"சத்தந்தான் இல்லீங்களேப்பா?" என்றேன், வாசலில் நின்று.

"இல்லயான்னு கேட்டுட்டு வரலாம். ஏறு."

பதினான்கு மாதம் அப்படிப் போய் வந்தோம். ஒரு நாள் மத்தியானம் மில்லிலேயே நெஞ்சு வலித்து உட்கார்ந்துவிட்டீர்கள் என்று போன் வந்தது. கூட வேலை பார்த்தவர்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை.

இப்போது காரை மாமாதான் எடுத்து ஓட்டுகிறார். இன்று எண்ணெய்க் கசிவைப் பார்க்க அவர்தான் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தார். மெக்கானிக் பார்த்துவிட்டு, "குட்ட ஸ்பிரிங்குக்கு இந்த ஷாக்கு இத்தன நாள் தாங்குனதே பெருசு" என்றார். புது ஷாக் போடுவதாக முடிவானது. ஸ்பிரிங்கைத் தொட வேண்டாம் என்று அம்மாதான் சொன்னாள். அதோடு விடாமல் அவரிடம் பெருமையாக ஆரம்பித்தாள். "அன்னிக்கு அந்தச் சத்தத்தக் கண்டுபுடிச்சதே என்ற மவதானுங்க."

அவர்கள் போன பிறகு அம்மாவிடம் சொன்னேன். "அம்மா, எனக்கு அது மொத நாளே தெரியும்."

முதலில் அவளுக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், பின்சக்கரம், டிக்கி எல்லாவற்றையும். அம்மா என்னைத் திட்டவில்லை. "மூணு வாரம் அந்த மனுசன் திரும்பிப் படுக்க முடியாமக் கெடந்தாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். இன்னும் என்னிடம் பேசவில்லை. உங்களிடம் சொல்லியிருந்தால் நீங்கள் சிரித்திருப்பீர்களோ என்னவோ. சொல்லப் பதினான்கு மாதம் இருந்தது. ஒவ்வொரு நாளும் அந்தக் காருக்குள் உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அந்த மூன்று வாரத்துச் சாயங்காலங்களை ஒன்றுவிடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டால், அந்த மூன்று வாரத்து வலியும் உங்களுக்கு இல்லாமல் போகும் என்று யாராவது சொன்னால் கொடுப்பேனா என்று மத்தியானத்திலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கொடுத்துவிடுவேன் என்று எழுதத்தான் நோட்டை எடுத்தேன். எழுத வரவில்லை, அப்பா.