வரன் விசாரிக்க வந்தவர்

ஜூன் 3

என் கண்ணான மகனுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். முழங்கால் வலி இருக்கிறது. அது என்றைக்கு இல்லாமல் இருந்தது? போனில் நீ பேசுவது எனக்குக் காதில் விழுவதில்லை, அதனால் கடிதம் போடுவதை நிறுத்திவிடாதே.

ஒரு நல்ல செய்தி. நேற்று ஒருவர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, மரியாதையான பேச்சு. தன் பெண்ணுக்கு வரன் பார்க்கிறாராம். "உங்க மகன் கிடங்குல இரும்பு ரேக் சரிஞ்சு முதுகுல அடிபட்டாராமே, இப்ப எப்படிம்மா இருக்காரு?" என்றார். விடுவேனா? "அதெல்லாம் பழைய கதைங்க. போன தடவை வந்தப்ப கேஸ் சிலிண்டரை ஒத்தக் கையால மாடிக்குத் தூக்கிட்டுப் போனான்" என்றேன். அன்றைக்கு உனக்குத் தலையணையைக்கூட நான்தான் நகர்த்தி வைத்தேன். அது அவருக்கு எதற்கு? கல்யாண விஷயத்தில் கொஞ்சம் கூட்டிக் குறைத்துத்தான் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் அக்கறையாக எழுதிக்கொண்டு, என்னிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். பெண்ணின் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன், பார்.

ஆசிகளுடன்,
அம்மா

ஜூலை 9

அம்மா,

உன் வீட்டுக்கு வந்தவர் வரன் பார்க்க வரவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனி துப்பறிய அனுப்பிய ஆள். மாதாமாதம் வந்துகொண்டிருந்த ஊன உதவித்தொகையை நிறுத்திவிட்டார்கள்.

'இவரால் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது, எடை தூக்கவே கூடாது' என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்தது எடுபடவில்லை. பெற்ற தாயின் பேச்சு எடுபட்டது. அம்மா வந்து உண்மையைச் சொன்னால் என்ன என்று வக்கீலைக் கேட்டேன். "அன்னைக்குச் சொன்னது பொய்னு ஒத்துக்கிட்டா, இன்னைக்குச் சொல்றதை மட்டும் நம்புவாங்களா? அப்பீல் போடலாம். அதுவரைக்கும் உங்கம்மா யார்கிட்டயும் வாயைத் திறக்கக் கூடாது" என்றார்.

உன்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. அதனால் யார் வந்து கேட்டாலும் இப்படிச் சொல்: என் மகன் கட்டையாகக் கிடக்கிறான், எதற்கும் லாயக்கில்லை. என் முதுகை ரேக் உடைத்தது. மிச்சத்தை நீ உடைத்தாய்.

மகன்

ஜூலை 20

கண்ணா,

நீ எழுதியது சரிதான். உன்னை ஒருவர் முன்னால் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை, அதுதான் நான் செய்த குற்றம். சாப்பிடுகிறாயா? அதை மட்டுமாவது எழுது.

நீ சொல்லச் சொன்னதைச் சொல்ல நாக்கு எழவில்லை. கண்ணாடி முன் நின்று சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

அம்மா

ஆகஸ்ட் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

கோபத்தில் எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதே. சாப்பிடுகிறேன்.

முதுகுக்குப் பயிற்சி எடுக்க நான் போகும் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக் கொடுக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். நான் சுவரைப் பிடித்து நடப்பதையும் விழுவதையும் பார்த்தவள். அவளுக்கு என்னைப் பிடித்திருக்கிறது. எனக்கே நம்பிக்கை வரவில்லை அம்மா. அவள் அப்பா பஸ் டிரைவர், அவர்தான் தயங்குகிறார். "பெத்தவங்க வாயால கேக்கணும்ப்பா. அவங்க சொன்னா எனக்குப் போதும்" என்கிறார். லீவு கிடைக்கிற அன்று உன்னைப் பார்க்க வருவார். அவரிடம் மட்டும் உள்ளதை உள்ளபடி சொல்: வலி போகாது, ஆனால் என் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன், உட்கார்ந்து எழுந்து செய்கிற தொழில் ஒன்று கற்றுக்கொண்டிருக்கிறேன்.

உன் மகன்

ஆகஸ்ட் 16

கண்ணா,

ஜூலையில் கோபமாக எழுதினாயே, அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு தபாலும் வரவில்லை. இருந்தாலும் இதை உடனே எழுத வேண்டும்.

இன்றைக்கு இன்னொருவனை அனுப்பியிருக்கிறார்கள்! இந்தத் தடவை பஸ் டிரைவர் வேஷம். கையில் ஒரு பை ஆப்பிள் வேறு. "என் பொண்ணு ஒரே பிடிவாதமா இருக்கா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, சரின்னுடறேன்" என்று கெஞ்சினான். நான் மசியவில்லை. "அவன் கட்டையாக் கிடக்கறான். எவ கட்டிக்கிட்டாலும் ஆயுசு முழுக்கப் பீ மூத்திரம் அள்ள வேண்டியதுதான்" என்றேன். வேண்டுமானால் எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று கும்பிட்டான்.

படியிறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டான். என்ன நடிப்பு! ஆப்பிளை அவன் பின்னாலேயே வீசினேன்.

உன் கேஸுக்கு இனி என்னால் ஒரு கெடுதலும் வராது. இப்போதாவது அம்மா மேல் உள்ள கோபம் தீர்ந்ததா?

உன் அம்மா