நாளுக்கு மூன்று நல்லது

இராஜபாளையம்
18.11.1993

அன்புள்ள அத்தானுக்கு,

ரத்தினம் எழுதுவது. நானும் நம் பிள்ளை நாச்சியாரும் நலம். அங்கே பிலாயில் குளிர் தொடங்கியிருக்கும். பெட்டியடியில் கிடக்கும் கம்பளியை எடுத்து வெயிலில் போடுங்கள்.

உங்கள் மகளின் பள்ளிக்கூடத்தில் போன மாதம் நடந்த கூத்தைக் கேளுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் மனதைப் பலப்படுத்துகிறேன் என்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சக்ரபாணி என்றொருவர் டை கட்டிக்கொண்டு வந்திறங்கினார். பெற்றோரும் வரவேண்டுமாம். மில்லில் அரைநாள் லீவு போட்டுப் போனேன். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார். பஞ்சுத் தூசியை இழுத்து இருமுகிறவளுக்கு மூச்சைப் பற்றிப் பாடம்! டேப் ரிக்கார்டரில் புல்லாங்குழல் வேறு. என் பக்கத்தில் பிச்சையம்மாள் குறட்டையே விட்டுவிட்டாள். அதற்கும், மனம் அடங்கிவிட்டது என்று மெச்சினார் அந்த மனுஷன். இம்புட்டுத்தானா, ஷிப்ட் முடிஞ்சு வந்து நான் தெனமும் இதைத்தான செய்யுதேன் என்றாள் அவள்.

அதோடு விட்டாரா? அன்றாடம் நடந்த மூன்று நல்லதைப் பிள்ளைகள் நோட்டில் எழுத வேண்டுமாம். தோல்வியைத் தாங்கும் தெம்பு வந்துவிடுமாம். காலாண்டில் கணக்கில் நாற்பத்தொன்று வாங்கியவளுக்குக் கணக்குச் சொல்லித்தர ஆளில்லை, நல்லது எழுத நோட்டு! கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போன கதைதான்.

என்னதான் எழுதுகிறாள், பார்த்துச் சிரிப்போம் என்று நேற்று அந்த நோட்டைத் திறந்தேன். பூனை குட்டி போட்டது, மழைக்குப் பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டது என்று என்னென்னவோ. மூன்றாவதாக மட்டும் நாள்தோறும் ஒரே வரி: இன்று அப்பாவின் கடிதம் வரவில்லை.

ஏக்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் உங்கள் கடிதம் வந்த இரண்டு நாளும் பக்கம் வெறுமையாக இருந்தது.

தபால்காரர் கண்ணுச்சாமி மணியடித்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு ஓடுவாள். சூட்டுவலி என்று சீரகத்தண்ணீர் கொடுத்த மடச்சி நான். உன்னைப் படிக்கவைத்த காசுக்கு எருமை வாங்கியிருக்கலாம் என்று அவள் மார்க்கைக் கேட்டு நீங்கள் எழுதியதை, அவளை எதிரே நிறுத்திச் சத்தமாக வாசித்ததும் நான்தான். டை கட்டியவரைக் கண்டு சிரிக்க நமக்கென்ன யோக்கியதை? பிள்ளையைப் பார்த்து இரண்டு வருஷமான தகப்பனுக்கு எழுத வேறொன்றும் கிடைக்கவில்லையா? வெட்கமாக இருக்கிறது.

அடுத்த கடிதத்தை அவள் பெயருக்கே போடுங்கள். அங்கே என்ன சமைக்கிறீர்கள், யாரோடு சாப்பிடுகிறீர்கள் என்று எழுதுங்கள். மார்க் பேச்சே வேண்டாம். ஆண்டாள் உங்களுக்கு நல்ல சுகத்தைத் தரட்டும். கடிதம் வந்த நாளிலும் நம் பிள்ளை அந்த நோட்டில் ஒரு வரி எழுதட்டும், அத்தான்.

உங்கள்
ரத்தினம்