கொடி நோயில் போகவில்லை, கயல்

என் கயலுக்கு,

போன வாரம் உன் அம்மா வீட்டுக்கு வந்திருந்தார். பட்டுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி, பை நிறையத் தேங்காயோடு. என் பாப்பாவுக்கு ஒரு கவுன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்: "கயலு கொடி எப்படி இருக்கு வாணி? அதுக்கு அடியில செத்த நேரம் உக்காந்துட்டுப் போறேன்."

கொல்லையில் வெறும் பந்தல்தான் நிற்கிறது. கொடியை நான் வெட்டிவிட்டேன், கயல்.

என் கல்யாணத்துக்கு எல்லாரும் குத்துவிளக்கும் மிக்ஸியும் கொடுத்தபோது, நீ மட்டும் ஈரச் சாக்கில் சுற்றிய பன்னீர் திராட்சைக் குச்சியோடு மன்னார்குடி மண்டபத்துக்கு வந்தாய். "நெல்லு வெளையிற மண்ணுல திராட்சையா?" என்று என் மாமியார் சிரித்தார். "மணல் கலந்து வெச்சா வந்துடுங்கம்மா. பழம் வரலன்னா போவுது, எங்களுக்கு எலதான் வேணும்" என்றாய்.

எம்.எஸ்ஸி. கடைசி வருஷம் முழுவதும் நாம் திராட்சை இலையோடுதானே கிடந்தோம். இருட்டறையில், புற ஊதா விளக்குக்குக் கீழே அந்த இலையை வைத்த நாள் நினைவிருக்கிறதா? பூசணம் தொட்ட இடத்தைச் சுற்றி நீல ஒளி கசிந்தது. ரெஸ்வெரட்ரால் என்று புத்தகத்தில் படித்த பெயர் கண்ணெதிரே நீலமாக நின்றது. பக்கத்தில் நோய் தொடாத இலையை வைத்தோம். அதில் அந்த நீலம் இல்லை.

"பாருடி, பூசணம் வந்து தொட்டாத்தான் எல தனக்கு வேண்டிய விஷத்தைக் காய்ச்சுது" என்றாய். "விஷமா?" என்று நான் கையை இழுத்துக்கொண்டேன். "பூசணத்துக்குத்தான்டி விஷம். உனக்கு இல்ல." பிறகு ஒரு நாள் என் வீட்டுப் பந்தலிலேயே புள்ளி விழுந்த இலை ஒன்றைக் கிள்ளி, மென்றும் காட்டினாய். "புளிக்குது. அவ்ளோதான்."

அப்புறம் உனக்குக் காய்ச்சல் வந்தது. "சும்மா காய்ச்சல்டி, கஷாயம் குடிச்சா போயிடும்" என்று போனில் சொன்னாய். நானும் சரி என்று வைத்துவிட்டேன். அடுத்த முறை உன் எண்ணிலிருந்து அழைப்பு வந்தபோது பேசியது நீ இல்லை.

அன்றிலிருந்து 'சும்மா' என்று யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை. பாப்பா தும்மினால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். மண்ணில் கால் வைக்க விடுவதில்லை. இந்த வருஷம் ஆற்றில் புதுத் தண்ணீர் வந்த அன்று தெருவே படித்துறைக்குப் போனது. நான் அவளை மாடி ஜன்னலில் தூக்கிவைத்துக் காட்டினேன்.

ஐப்பசி மழைக்குப் பிறகு உன் கொடியில் எண்ணெய் தெறித்த மாதிரி மஞ்சள் புள்ளிகள் விழுந்தன. இலைக்கு அடியில் வெள்ளைப் பூசணம். பாப்பா அதில் ஒன்றைப் பிடுங்கி மென்றுகொண்டிருந்தாள், வாயெல்லாம் பச்சையாக. நீ சொன்னதில் விஷம் என்ற ஒரு சொல் மட்டும்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. மீதி எங்கே போனது?

டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் நாக்கைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எலதானேம்மா, ஒண்ணும் ஆவாது. நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" தாவரவியல் என்று சொல்ல வாய் வரவில்லை. "டிகிரிங்க" என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஒன்றும் ஆகாது என்று அவர் சொன்ன பிறகு வந்துதான் அரிவாளை எடுத்தேன், கயல். பயத்தில் வெட்டினேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். பயமா, அந்தச் சிரிப்பு மேல் வந்த கோபமா? "எம்மெஸ்ஸி படிச்சவ வெட்டுற வெட்டப் பாரு" என்று மாமியார் கொல்லை வாசலில் நின்று சொன்னது காதில் விழுந்தது. நான் நிறுத்தவில்லை.

உன் அம்மா வெறும் பந்தலையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொன்னேன்: "நோய் வந்து போயிடுச்சும்மா."

யாரிடம் எந்தச் சொல்லைச் சொல்கிறேன் என்று யோசித்தேனா?

அவர் என் கன்னத்தைத் தடவினார். "அதுக்கு நீ என்னம்மா பண்ணுவ? நல்லாத்தானே பாத்துக்கிட்ட. நம்ம கையில என்ன இருக்கு." உன்னைச் சுடுகாட்டுக்குத் தூக்கிய அன்று வந்தவர்களெல்லாம் அவரிடம் சொன்ன வார்த்தைகள் அவை. அவற்றையே எடுத்து எனக்கு ஆறுதலாகக் கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன்.

மாமியார் காட்டிக்கொடுக்கவில்லை. உன் அம்மா போன பிறகு டம்ளரைக் கழுவிக்கொண்டே, "அந்தம்மா பஸ்ஸுல அழுதுக்கிட்டே போவும்" என்றார். அவ்வளவுதான்.

இன்னொரு செய்தி. நேற்று பாப்பா கொல்லையிலிருந்து கூப்பிட்டாள். "ம்மா, எல." வெட்டிய அடிக்கட்டையின் பக்கவாட்டில் ஒரு தளிர், அவள் சுண்டுவிரல் நகம் அளவுக்கு. அவள் தொடப் போனாள். தடுக்க நீண்ட என் கையை எப்படியோ மடக்கிக்கொண்டேன். தொட்டாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள், திட்டுவேனோ என்று. இந்த வயதிலேயே அவளுக்கு அந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்று உன்னிடம் நான் சொல்ல வேண்டியதில்லை.

தளிர் வந்துவிட்டதால் நான் செய்தது இல்லை என்றாகிவிடாது. அதைப் போனில் படம் எடுத்து உன் அம்மாவுக்கு அனுப்பிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அனுப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பட்டுக்கோட்டை பஸ் ஏறுகிறேன். கையில் ஒன்றும் எடுத்துப் போகவில்லை. "கொடி நோய்ல போவலம்மா, நான்தான் வெட்டுனேன்" என்று முதலில் சொல்வேன். அதற்குப் பிறகு உள்ளே வா என்பதும் போ என்பதும் அவர் இஷ்டம். போ என்றாலும் சொன்னதைத் திரும்ப வாங்கமாட்டேன். அவர் யோசித்து முடிக்கும் வரை பாப்பா உங்கள் தென்னந்தோப்பு மண்ணில் செருப்பில்லாமல் நிற்கட்டும். நான் அவளைத் தூக்கமாட்டேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

கூடப் பிறக்காவிட்டாலும் பாப்பாவுக்கு நீ பெரியம்மா. அந்த உறவை மட்டும் பிடித்துக்கொண்டு,
உன் தங்கச்சி
வாணி