நீங்கள் கடைசியாகச் சொன்னது அதுவல்ல, டீச்சர்

என் அன்புள்ள சரோஜா டீச்சருக்கு,

நம் பள்ளிக்கூட வாசலில் உங்களுக்கு ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறோம். உயிரோடு இருந்தவரை கேமராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். இப்போது தப்ப வழியில்லை. படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் உங்கள் கடைசி வார்த்தைகள்: "மண்ணை நேசியுங்கள், அது உங்களைக் கைவிடாது." படிக்கிறவர்கள் கண் கலங்குகிறார்கள். அடுத்த வாரம் அதைக் கல்லில் வெட்டுவதாக ஏற்பாடு.

அந்த வாக்கியம் நான் கட்டியது. இரங்கல் கூட்டத்தில் மைக்கை நீட்டி, "கடைசியா உன்கிட்டதானே பேசினாங்க, என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்கள். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

நிஜமாகச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அன்று மத்தியானம் உங்கள் மகள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். நான் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள்.

"கலியபெருமாள், முருகையன் பாத்தி மூழ்கினதுக்கு அவன் காரணமில்லடா. மறுநாளே வரப்பைப் பார்த்தேன். புது மண்ணு அப்பியிருந்துச்சு. மேலேர்ந்து வெட்டியிருக்காங்க. தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன். நீ போய் அவன்கிட்ட சொல்லு. நான் ரொம்ப லேட் பண்ணிட்டேன், நீ பண்ணாதே."

அவ்வளவுதான். அடுத்த நாள் காலையில் போய்விட்டீர்கள்.

பழைய மாணவர் மலரில் இதைப் படிக்கிறவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூவில் நாங்கள் விவசாயப் பிரிவு. பள்ளிக்குப் பின்னால் ஆளுக்கொரு பாத்தியில் நெல் நட்டு, தகரத்தில் பேர் எழுதிக் குத்தியிருந்தோம். என் பாத்தி மேலே, முருகையனுடையது கீழே. ஐப்பசி மழை மூன்று நாள் விடாமல் அடித்தது. வடிகாலைத் தோண்டி விட எனக்குச் சோம்பல். மண்வெட்டியால் வரப்பை ஒரு வெட்டு வெட்டி, தண்ணீரை அவன் பாத்தியில் இறக்கிவிட்டு, மறுபடி மண்ணை அப்பி மூடினேன். எங்கள் பக்கம் பெரியவர்களே செய்கிற காரியம்தான். இதனாலேயே பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பிகள் உண்டு. என் பயிர் நிமிர்ந்தது. அவன் பயிர் முழுசாக முங்கிவிட்டது.

அவன்தான் வடிகாலைத் திறக்கவில்லை என்று நினைத்து, எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்டீர்கள்: "வயலைப் பார்த்துக்கத் தெரியாதவனுக்கு வயல் எதுக்குடா?" அவன் அப்பாவும் அம்மாவும் கூலிக்கு வேலை செய்தவர்கள். அவன் பேர் எழுதிய மண் என்று அந்தப் பாத்திக்கு முன் எதுவும் இருந்ததில்லை. தகரத்தைப் பிடுங்கிக்கொண்டு போனவன் செய்முறைத் தேர்வுக்கு வரவேயில்லை. நான் இரண்டாவது வரிசையில் தலையைக் குனிந்து நின்றேன்.

ஒன்று கேட்கட்டுமா டீச்சர்? மறுநாளே தெரிந்தும் ஏன் சொல்லவில்லை? என் அப்பா பெற்றோர் சங்கத் தலைவர் என்பதாலா? பிள்ளைகள் முன்னால் தப்பை ஒத்துக்கொள்ளக் கூச்சமா? உங்கள்மேல் கோபம் வருகிறது. வந்த வேகத்தில் என் பக்கமே திரும்பிவிடுகிறது. மேல் பாத்தி யாருடையது என்று உங்களுக்குத் தெரியாதா என்ன? சேதி சொல்லி அனுப்ப எத்தனையோ பேர் இருக்க, என் கையைத்தானே பிடித்தீர்கள்.

அப்படியும் தள்ளிப்போட்டேன். சம்பா நடவு முடியட்டும் என்றேன். முடிந்ததும் முழங்கால் வலி என்றேன். போன செவ்வாய்க்கிழமைதான் போனேன். முருகையன் குடவாசல் பக்கம் குத்தகைக்கு நிலம் செய்கிறான். வரப்பில் உட்கார்ந்து உரம் கலந்துகொண்டிருந்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கை அப்படியே நின்றுவிட்டது.

"டீச்சர் என் பேரைச் சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"சரி கலியா. தனியா வந்து சொல்லிட்டே. எனக்கு அன்னைக்குத் தனியாவா நடந்துச்சு? வகுப்பே பார்த்துச்சு," என்றான். வாய்க்காலில் கையைக் கழுவிக்கொண்டு வந்து டீ வாங்கிக் கொடுத்தான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தப்பு எங்கே நடந்ததோ அங்கேயே போய் நின்றுதான் அதைச் சரிசெய்ய வேண்டும். இதில் பாதியை உங்களிடமும் பாதியை அவனிடமும் படித்தேன். அதனால்தான் இந்தக் கடிதம் பழைய மாணவர் மலருக்குப் போகிறது. உங்கள் பேரிலும் ஒரு கீறல் விழும். பொறுத்துக்கொள்ளுங்கள் டீச்சர், என் பேரில் அதைவிடப் பெரிதாக விழும்.

கல் வெட்டுகிறவரை நிறுத்தச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில், நம் வகுப்புக்காரர்கள் முன்னால், இதை நானே நின்று வாசிப்பேன். முருகையனைக் கூப்பிட்டிருக்கிறேன், வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை. வராவிட்டாலும் வாசிப்பேன். அப்படியானால் கல்லில் என்னதான் வெட்டுவது என்று கேட்கிறார்கள். அவன் சம்மதித்தால், "முருகையன் பாத்தி மூழ்கியதற்கு அவன் காரணமில்லை" என்று வெட்டச் சொல்வேன். நீங்கள் கடைசியாகச் சொன்னது அதுதானே?

இப்படிக்கு,
மேல் பாத்தியில் நட்ட உங்கள் மாணவன்,
கலியபெருமாள்