நீதவானுக்கு ஒரு புள்ளடி

செவன் கிங்ஸ், லண்டன்
10.10.2008

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கட முழங்கால் நோ குறைஞ்சுதோ? நான் சுகம். வழுக்கைதான் என்னைவிட வேகமாய் முன்னேறுது.

வேலை லண்டனுக்கு மாறினாலும் என்ர குடியுரிமை அமெரிக்காதானே. டெக்சாசிலிருந்து தபால் வாக்குச்சீட்டு வந்தது. அங்கை நீதவான்மாரையும் கட்சிப்படிதான் தெரிவு செய்யிறது. கட்சிக்கு ஒரு புள்ளடி போட்டால் அதிலை நிற்கிற எல்லாருக்கும் விழும்; என்னைப்போல சோம்பேறிகளுக்கெண்டே செய்த ஏற்பாடு. பேனையை எடுத்த பிறகுதான் மற்றக் கட்சியில் அந்தப் பெயரைக் கண்டன். என்ர விவாகரத்தில் பிள்ளையைத் தாயோடை விட்ட பெண் நீதவான்.

வீட்டுக்காரர் பாலேந்திரா அண்ணை எட்டிப் பார்த்தார்; அவ ஆரெண்டு சொன்னன். "பிள்ளையைப் பிரிச்சவவுக்கோ யோசிக்கிறீர்? அப்ப மாமியாருக்கும் ஒண்டு போடும்" எண்டார்.

தேத்தண்ணி ஆறுமட்டும் இருந்தன். கோபம் வருமெண்டு பார்த்தன், வரேல்லை. பிறகு ஒவ்வொரு பெயராய்ப் புள்ளடி போட்டன். அவவுக்கும் போட்டன். அந்தக் கதிரையில் நான் இருந்திருந்தாலும், அம்மா, பிள்ளையை எனக்குத் தந்திருக்க மாட்டன்.

மிளகாய்த்தூள் அனுப்ப வேண்டாம், இங்கை கிடைக்குது. பிள்ளையின்ர புதுப்படம் உங்களுக்கு வந்திருந்தால் ஒண்டு அனுப்புங்கோ. என்னட்டை இருக்கிறது அவளுக்குப் பல்லு விழ முதல் எடுத்தது.

தபால்கந்தோர் பூட்டப்போகுது, ஓடுறன்.

மகன்,
யோகேஸ்வரன்