வீணை பார்த்துவிட்டுப் போனவர்கள்

12.6.1983, ஞாயிறு

மாப்பிள்ளை வீட்டார் முன்னால் வீணையை இடவலம் மாற்றி வைத்து அசடு வழிந்தேன். பெண் வீணை வாசிக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டதால்தான் இந்தப் பழைய வீணையைத் தேடி வாங்கி, புதுத் தந்தியும் மெட்டும் போட வைத்தேன்.

பள்ளிக்கூடத்தில் வீணை கற்றிருந்த மகள் செல்வி வாசித்து முடித்ததும் பையனின் அப்பா சிரித்தார். "நல்லா வாசிக்கா அண்ணாச்சி. ஆனா கல்யாணத்துக்குப் பொறவு எங்க வீட்டுல இதெல்லாம் வேண்டாம், என்ன?"

நான் தலையாட்டுவதற்குள் செல்வி சொல்லிவிட்டாள்: "அப்பம் நானும் வீணையும் இங்கனயே இருந்துக்கிடுதோம் மாமா."

அவர்கள் காப்பியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள்.

"பிள்ள வளத்த லெச்சணத்தப் பாருங்க" என்று அவள் அம்மா இன்னும் அழுகிறாள். உள்ளே செல்வி மறுபடி வாசிக்கிறாள். அதட்டத்தான் எழுந்து போனேன். 'அதையே இன்னொரு தடவை வாசி மக்கா' என்று வாய்வரை வந்தது. கதவோரமே உட்கார்ந்து கேட்டேன்.